பேசக் கூடாத ஒரு மணி நேரம்

கதிர்வீச்சு சிகிச்சை முடிந்த அன்று எனக்கு அழுகை வந்தது. நிம்மதியில் அழுகிறேன் என்று மகள் நினைத்துக்கொண்டாள். உண்மை அது இல்லை. ஏழு வாரமாக, வாரத்துக்கு ஐந்து நாள், என் முகத்தின் மேல் வலை மாதிரியான ஒரு பிளாஸ்டிக் முகமூடியைப் பொருத்தி, மேசையோடு சேர்த்துப் பூட்டி, உள்ளே இருந்த நோயைச் சுட்டார்கள். வாய் வெந்து, எச்சில் வற்றி, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி போனாலும், யாரோ எனக்காக ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து யாரும் எதுவும் செய்யப் போவதில்லை. வீட்டுக்குப் போய்க் காத்திருக்க வேண்டியதுதான். அதை நினைத்துத்தான் அழுதேன்.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் விற்பனையாளன். இருபத்தாறு வருடமாக வெள்ளை விரிப்பின் மேல் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் புடவை விரித்துக் காட்டுகிற வேலை. கை விரிக்கும், வாய் விற்கும். கல்யாணத்துக்கு ஆந்திராவிலிருந்து பாதிப் பேர் வருவதால் தெலுங்கு பேசுவேன். கன்னடம் சமாளிப்பேன். இந்தியில் நிறங்களின் பெயர் மட்டும் தெரியும். வெற்றிலை பாக்கு கிடையாது, புகையிலை கிடையாது. அப்படியும் நாக்கின் அடிப்பகுதியில், கண்ணாடியில் பார்த்தால் தெரியாத இடத்தில், புற்றுநோய் வந்தது. கழுத்தின் இடது பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் அது தெரிந்தது. கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "பாக்கு போடுவீங்களா?" என்பதுதான். இல்லை என்று சொன்னால் நம்பாத மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்கள். நாளாக நாளாக நானே பதில் சொல்வதை விட்டுவிட்டேன்.

"மூணு மாசம் கழிச்சு பெட் ஸ்கேன் எடுப்போம். அதுல தெரியும்" என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். சென்னையில் பெரிய மருத்துவமனை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. அதிகம் சிரிக்க மாட்டார், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்திருக்கவும் மாட்டார்.

அந்த மூன்று மாதம் ஊரை ஒட்டிய செவிலிமேட்டு வீட்டில் என் கை என் கழுத்தை விட்டு இறங்கவே இல்லை. கதிர் பட்ட இடத்தில் தோல் கறுத்து, உள்ளே மரக்கட்டை மாதிரி இறுகிப் போயிருந்தது. அந்தப் பக்கம் தாடி முளைக்கவில்லை. சவரம் செய்யும்போது பாதிக் கன்னத்தில் பிளேடுக்கு வேலையே இருக்காது. விரலால் அழுத்துவேன். ஏதோ உருண்டு போகிற மாதிரி இருக்கும். மறுபடி அழுத்தினால் இருக்காது. வலது பக்கத்தோடு ஒத்துப் பார்ப்பேன். அங்கேயும் ஏதோ இருக்கிற மாதிரித் தோன்றும். காலையில் பல் தேய்க்கும்போது ஒரு முறை, குளிக்கும்போது ஒரு முறை, கடையில் பில் போடும் இடத்துக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடி முன்னால் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு முறை. என் மனைவி அங்கன்வாடியில் வேலை செய்கிறாள். பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அவள் கண் பழகிவிட்டது. "கையை எடுங்க" என்பாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

ஆறாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. கூட வேலை செய்கிறவர் ஒருவர், ஐயம்பேட்டையிலிருந்து வருகிறவர், தன் சொந்தக்காரர் யாரோ ஒரு மாதத்திலேயே ஸ்கேன் எடுத்ததாகச் சொன்னார். அடுத்த நாளே நான் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய் டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்தேன்.

"இப்பவே எடுத்துடலாம் டாக்டர். இருந்தா இருக்குதுன்னு தெரிஞ்சா போதும்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "உங்க தொண்டை உள்ள இப்ப வெந்த புண்ணு மாதிரி இருக்கு. இந்த ஸ்கேன்ல எது சுறுசுறுப்பா இருக்கோ அது எரியற மாதிரித் தெரியும். புண்ணு ஆறும்போதும் எரியும், நோய் இருந்தாலும் எரியும். எது எதுன்னு படத்துக்குத் தெரியாது. இல்லாத நோய்க்கு உங்க கழுத்தை அறுக்கச் சொல்றீங்களா?"

"இல்ல டாக்டர்."

"அப்ப வீட்டுக்குப் போங்க. நல்லா சாப்பிடுங்க."

சாப்பிடுவது அவர் சொன்ன மாதிரி சுலபமாக இல்லை. எச்சில் இல்லாத வாயில் சோறு மணல் மாதிரி நிற்கும். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர். எங்கள் ஊர் இட்லியில் மிளகும் சுக்கும் போடுவார்கள். ஒரு துண்டு பட்டாலும் நாக்கு தீப்பிடிக்கும். தயிரில் ஊறவைத்த ரொட்டியும் கேழ்வரகுக் கூழுமாக அடுத்த ஆறு வாரம் போயிற்று.

ஸ்கேன் நாள் வந்தது. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். மனைவிக்கு அன்று அங்கன்வாடியில் அதிகாரிகள் பார்வையிட வருவதால் விடுப்பு கிடைக்கவில்லை. சென்னையில் வேலை செய்கிற மகள் மருத்துவமனை வாசலில் நின்றிருந்தாள். ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள், கையில் ஊசிக் குழாய் மாட்டினார்கள். மகளை வெளியே நிறுத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே கூட்டிப் போனார்கள். கதவு என் தோள் அகலத்துக்கு இரண்டு மடங்கு. திறக்கும்போது கனத்தில் முனகியது. அதன் மேல் கதிர் அபாயம் என்று காட்ட மஞ்சளில் கறுப்பு விசிறி வரைந்த பலகை.

ஈயப் பெட்டியிலிருந்து மருந்தை எடுத்து ஏற்றிவிட்டு சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார். "இது சர்க்கரை மாதிரி மருந்து சார். உடம்புல எந்த இடம் அதிகமா வேலை செய்யுதோ அது இதை இழுத்துக்கும். நோய் இருந்தா அங்க போய் சேரும். அதனால ஒரு மணி நேரம் அசையாம படுத்துக்கினு இருக்கணும். போன் கூடாது. எதையும் மெல்லக் கூடாது. முக்கியமா பேசக் கூடாது. பேசினா தொண்டைத் தசை மருந்தை இழுத்துக்கும், படம் கெட்டுப் போயிரும். உங்களுக்குத் தொண்டையைத்தான் பாக்கணும், புரிஞ்சுதா?"

தலையை ஆட்டினேன். இருபத்தாறு வருடம் பேசிப் பிழைத்தவனுக்கு ஒரு மணி நேரம் வாயை மூடுவது பெரிய விஷயமில்லை என்றுதான் நினைத்தேன்.

மெல்லிய விளக்கு போட்ட அறை. சாய்வுக் கட்டில். நடுவில் ஆள் உயரத்துக்குத் தடுப்புச் சுவர். அந்தப் பக்கம் இன்னொரு கட்டில். சிறிது நேரத்தில் அங்கே ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கூட வந்த ஆண், அண்ணனோ தம்பியோ, சிஸ்டர் சொல்வதைத் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி போடுவதற்கு முன் அவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். மருந்து ஏற்றி முடித்ததும் சிஸ்டரும் போய்விட்டார். எங்கள் உடம்பிலிருந்தே கதிர் வரும் என்பதால் அவர்கள் அடிக்கடி உள்ளே வருவதில்லை. கேமராவில் பார்ப்பார்கள், சுவரில் இருக்கிற ஸ்பீக்கரில் பேசுவார்கள்.

கதவு மூடியது. அந்தப் பெண் கதவைப் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தாள். "தலுபு தீயண்டி. அன்னா, தலுபு தீயண்டி." கதவைத் திறங்கள் என்கிறாள். முதலில் மெதுவாக, பிறகு சத்தமாக. ஸ்பீக்கரில் தமிழில் குரல் வந்தது. "அம்மா, அசையாதீங்க, பேசாதீங்க." எங்கிருந்தோ வருகிற குரல், புரியாத பாஷை. அவள் இன்னும் பயந்துவிட்டாள். கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது. இரும்புத் தட்டு ஒன்று தரையில் விழுந்தது. ஊசிக் குழாயைப் பிடுங்கப் போகிறாள் என்று எனக்குப் பட்டது.

என் பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினேன். "சார், ஒரு நிமிஷம். இன்னொரு பேஷண்டை மெஷின்ல ஏத்திக்கினு இருக்கோம்" என்றது ஸ்பீக்கர். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. ஒரு நிமிடம் என்பது எவ்வளவு என்று அந்த அறையில் எனக்குத் தெரியவில்லை. அங்கே கடிகாரம் இல்லை.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு அழுதாள். வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டு அழுகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். நாக்கிலோ கன்னத்திலோ சிகிச்சை முடிந்தவர்களின் அழுகை அப்படித்தான் இருக்கும். வீட்டில் என் அழுகையையே நான் அப்படிக் கேட்டிருக்கிறேன்.

"பயபடகண்டி அம்மா" என்றேன். பயப்படாதீர்கள்.

அழுகை நின்றது. "யாரு?" என்று தெலுங்கில் கேட்டாள்.

நானும் நோயாளிதான், சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிறேன் என்றேன். உங்களைப் பூட்டிவைக்கவில்லை, மருந்து உடம்பில் ஊற ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை அசையக் கூடாது, நீங்கள் பேசினால் படம் கெட்டுவிடும், அதனால் பேசாதீர்கள் என்றேன். அதோடு நிறுத்திவிட நினைத்தேன். இரண்டு நிமிடம் அமைதியாக இருந்தாள். பிறகு மறுபடியும் விசும்பல். கட்டில் ஆடியது.

"நீங்க பேசாதீங்க. நான் பேசறேன், கேட்டுக்கினு இருங்க" என்று தெலுங்கில் சொன்னேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். புடவை காட்ட ஆரம்பித்தேன்.

அரக்கு நிறத்தில் ஒன்று எடுக்கிறேன் அம்மா, உடம்பு முழுக்கச் சின்னச் சின்னப் பூ, கரையில் வரிசையாக யானை, முந்தானை பாட்டில் பச்சை என்றேன். அதை மடித்து வைத்துவிட்டு அடுத்தது. மாம்பழ மஞ்சளுக்குக் குங்குமச் சிவப்புக் கரை, இதைக் கல்யாணப் பெண்ணுக்குத்தான் கேட்பார்கள். அடுத்தது, வெங்காயத் தோல் நிறம், கரை மெல்லிசு, பகலில் ஒரு மாதிரி இருக்கும், விளக்கு வெளிச்சத்தில் வேறு மாதிரி இருக்கும். கடையில் சொல்வதை எல்லாம் அப்படியே சொன்னேன். குரல் கரகரவென்று கீழே இறங்கித்தான் வந்தது, ஆனால் வந்தது. நடுவில் ஒரு முறை ஸ்பீக்கர், "சார், பேசாதீங்க" என்றது. நிறுத்தினேன். அவள் உடனே முனக ஆரம்பித்தாள். குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தேன்.

ஒரே ஒரு முறைதான் அவள் வாயைத் திறந்தாள். "நெமலி கண்டம் ரங்கு உந்தா?" மயில் கழுத்து நிறம் இருக்கிறதா என்றாள்.

"இருக்குது" என்றேன்.

அவளுக்காக மட்டும் பேசினேன் என்று சொன்னால் அது பொய். மூன்று மாதமாக என்னைப் பிடித்திருந்த பயம், பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் என் பக்கமே வரவில்லை. நிறுத்தினால் அது வந்துவிடும் என்று எனக்கும் தெரிந்தது. கொஞ்ச நேரத்துக்கு மேல் அவள் தூங்கியிருக்கலாம், மூச்சு சீராகக் கேட்டது. அதற்கப்புறமும் நான் நாலைந்து புடவை விரித்தேன்.

என்னை ஸ்கேன் அறைக்குக் கூட்டிப் போகும்போது அவள் கால்களை மட்டும் பார்த்தேன். போர்வைக்கு வெளியே இரண்டு பாதம், விரலில் மெட்டி. முகத்தை நான் பார்க்கவே இல்லை.

மூன்றாம் நாள் அறிக்கை மகளின் போனுக்கு வந்தது. அவள் அதை அனுப்பாமல் நேரே ஊருக்கு வந்தாள். நல்ல சேதியாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பாள்.

"நாக்கு அடியில ஒண்ணுமே இல்லப்பா. கிளியர். கழுத்துக் கட்டியும் சுருங்கிப் போச்சு, அதுல ஆக்டிவிட்டி இல்ல" என்றாள்.

"அப்புறம்?"

"குரல் நாண்ல கொஞ்சம் அப்டேக் இருக்குதாம். ரெண்டு பக்கமும். இடது பக்கம் அதிகம். டாக்டர் பாத்து முடிவு பண்ணணும்னு போட்டிருக்காங்க."

"அப்டேக்னா?"

"மருந்து அங்க போய் சேந்திருக்குது. அது நார்மலாவும் இருக்கலாம்னு போட்டிருக்காங்கப்பா." போனை மறுபடி பார்த்தாள். "புதுசா ஏதாவது வந்திருக்கவும் வாய்ப்பு இருக்குதுன்னும் போட்டிருக்காங்க."

மனைவி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

கேட்ட அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. நான் பேசினேன், அதனால் மருந்து அங்கே போனது. சிஸ்டர் அதைத்தானே சொன்னார். ஆனால் வாயைத் திறந்து அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. வெட்கம் ஒரு காரணம். இவ்வளவு பேர் பாடுபட்டு ஏற்பாடு செய்த ஸ்கேனை நானே கெடுத்துவிட்டேன். இன்னொரு காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நான் பேசியதுதான் காரணம் என்கிற நம்பிக்கை ஒன்றுதான் அப்போது என் கையில் இருந்தது. அதை வெளியே சொல்லி, பேச்சுக்கெல்லாம் இப்படி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டால் என்னிடம் எதுவும் மிஞ்சாது. சொல்லாமல் வைத்திருக்கும் வரை அது என்னுடையது.

டாக்டர் அம்மா ஏதோ கூட்டத்துக்கு வெளியூர் போயிருந்தார். எட்டு நாள் கழித்துத்தான் பார்க்க முடியும் என்றார்கள். அந்த எட்டு நாளில்தான் எங்கள் ஊரில் வைகாசித் திருவிழா. கருட சேவை பார்க்க வருடா வருடம் வருகிற சொந்தக்காரர்கள் வீடு நிறைய வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்து, "நல்லா தேறிட்டீங்க" என்றார்கள். மனைவியின் பெரியம்மா கற்பூரத் தட்டை நீட்டி, "ஆண்டவன் காப்பாத்திட்டான்" என்றார். நானும் மனைவியும் தலையாட்டினோம். அச்செடுத்த அறிக்கை பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தது.

தெருவில் நாதஸ்வரமும் கூட்டமுமாக இருக்கும்போது நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, "ஆ" என்று சொல்லிப் பார்ப்பேன். குரல் நேற்றைவிடக் கரகரப்பாக இருக்கிறதா? ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்ப்பேன். சில நேரம் பன்னிரண்டு வரை ஒரே மூச்சில் போகும். சில நேரம் ஏழிலேயே உடையும். உடைந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். குரல்வளையை எடுத்துவிட்டால் தொண்டையில் ஒரு ஓட்டை போட்டு அதன் வழியாகத்தான் மூச்சு விட வேண்டும். அப்படி இருக்கிறவர்களைக் கதிர்வீச்சு அறைக்கு வெளியே பெஞ்சில் பார்த்திருக்கிறேன். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டு. கடைக்குப் போகவில்லை. தொண்டை சரியில்லை என்று முதலாளிக்குச் செய்தி அனுப்பினேன். அது உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியவில்லை.

எட்டாம் நாள் மூன்று பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இருட்டில் என் உடம்பு. மூளை ஜொலிக்கிறது. சிறுநீர்ப்பை ஜொலிக்கிறது. "அது எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார். பிறகு தொண்டைக்கு வந்தார். சிகிச்சைக்கு முன்பு எடுத்த படத்தில் பந்து மாதிரி எரிந்த இடம் இப்போது அணைந்து கிடந்தது. அதற்குக் கீழே, நடுவில், இரண்டு சின்ன வெளிச்சம். எதிரும் புதிருமாக இரண்டு அரிசி ஒட்டவைத்த மாதிரி. இடது அரிசி கொஞ்சம் பெரிது.

மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்த்தார். "நாண் ரெண்டும் நல்லா அசையுது. கட்டி மாதிரி எதுவும் தெரியல. ஆனா கதிர் பட்டதால வீக்கம் இருக்கு, இடது பக்கம் சிவந்திருக்கு. கண்ணால பாத்து மட்டும் சொல்ல முடியாது." கேமராவை உருவிவிட்டுக் கேட்டார். "ஊசி போட்ட அப்புறம் பேசினீங்களா?"

மகள் என்னைப் பார்த்தாள். அவள் பார்வையில் சந்தேகம்கூட இல்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டால் பார்ப்பார்களே, அப்படி.

"இல்ல டாக்டர்" என்றேன்.

அவர் சீட்டில் ஏதோ எழுதினார். "அப்போ மயக்கம் கொடுத்து ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பாக்கணும். கதிர் பட்ட இடத்துல புண்ணு ஆற நாளாகும், வீங்கி மூச்சு அடைக்கவும் வாய்ப்பு இருக்கு. அதுக்கு ஏற்பாடோடதான் செய்வோம். ஆனா சந்தேகத்தை வெச்சிக்கினு விட முடியாது. அட்மிஷனுக்கு எழுதறேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மகள் படிவம் வாங்க வரிசையில் நின்றாள். மனைவி என் முழங்கால் மேல் கையை வைத்து அழுத்தினாள்.

"நான் பேசினேன்" என்றேன்.

"யார்கிட்ட?"

"ஸ்கேனுக்கு முன்னாடி. ஊசி போட்ட அப்புறம். ஒரு மணி நேரமும் பேசினேன்." தெலுங்குப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். கோர்வையாக வரவில்லை. கதவு, தட்டு விழுந்தது, புடவை எல்லாம் முன்னே பின்னே வந்தது.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "எட்டு நாளா நான் சாவறேன். உங்களுக்கு இது தெரிஞ்சிக்கினே இருந்துதா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"டாக்டர் கேட்டாங்களே. என் எதிர்க்க இல்லைன்னு சொன்னீங்களே."

"பயமா இருந்துது."

"இன்னா பயம்? தொண்டையை அறுக்கறதை விடவா?" குரலை உயர்த்தவில்லை. அவள் குரலை உயர்த்தியிருந்தால் என்னால் கொஞ்சம் தாங்க முடிந்திருக்கும். எழுந்து நின்று என் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்தாள். அங்கன்வாடியில் பிள்ளையை எழுப்பி நிறுத்துகிற மாதிரிதான். "எழுந்திருங்க. வந்து சொல்லுங்க."

உள்ளே வேறொரு நோயாளி இருந்தார். அவர் வெளியே வரும் வரை கதவுக்குப் பக்கத்தில் நின்றோம். மகளும் படிவத்தோடு வந்து சேர்ந்தாள். டாக்டரிடம் சொல்லும்போது என் குரல் உண்மையாகவே உடைந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மறுபடி படத்தைத் திறந்து அந்த இரண்டு அரிசியையும் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். யாருக்கோ போன் செய்து, படத்தைப் படித்த டாக்டராக இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் பேசினார்.

"எவ்வளவு நேரம் பேசினீங்க?"

"முழுசா ஒரு மணி நேரம் டாக்டர்."

"பேசினா இப்படித் தெரியும். வீங்கின பக்கம் கூடுதலா இழுத்திருக்கலாம். அதனாலதான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா இப்ப துண்டு எடுக்க வேணாம். ஆறு வாரம் கழிச்சு இன்னொரு ஸ்கேன். நடுவுல குரல் மாறினா, முழுங்க முடியலைன்னா, மூச்சு இழுத்தா, அன்னிக்கே வரணும்." அட்மிஷன் சீட்டைக் கிழித்தார். பிறகு, "என்கிட்ட பொய் சொன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க கழுத்துதான்" என்றார்.

வெளியே வந்ததும் மகள், "ஏம்பா?" என்று மட்டும் கேட்டாள். அவள் அழுததை நான் பார்க்கக் கூடாது என்று திரும்பி நின்று போனை எடுத்துக்கொண்டாள்.

அந்த ஆறு வாரம் முதல் மூன்று மாதத்தை விட மோசம். முன்பு எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் பயந்தேன். இப்போது இடம் தெரிந்துவிட்டது. தண்ணீர் குடித்தால் அந்த இடம் வழியாகத்தான் போகிறது. வாயைத் திறந்தால் அதுதான் அசைகிறது. கடைக்குத் திரும்பினேன், ஆனால் புடவையை விரித்துவிட்டுச் சும்மா இருப்பேன். கூட இருக்கிறவர்கள் எனக்காகப் பேசினார்கள். மனைவி ஒரு வாரம் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். பிறகு ஒரு நாள் கூழை ஆற்றிக்கொண்டே, "அந்த அம்மாவுக்கு வயசு இன்னா இருக்கும்?" என்று கேட்டாள். தெரியாது, முகத்தைப் பார்க்கவில்லை என்றேன். "ம்" என்றாள். அன்றிலிருந்து கொஞ்சம் சரியானது.

மறு ஸ்கேன் அன்று மனைவியும் வந்தாள். ஊசி போட்ட அதே சிஸ்டரிடம் அந்தத் தெலுங்குப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் சொல்லக் கூடாது சார். எனக்கு ஞாபகமும் இல்ல. இனிமே வாயைத் திறக்காதீங்க" என்றார். இந்த முறை தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஒரு மணி நேரம் வாயை மூடிக் கிடந்தேன். எச்சில் விழுங்குவதற்கே பயமாக இருந்தது. விழுங்குவதற்கு எச்சிலும் இல்லை. ஏசியின் சத்தம், என் மூச்சு, வேறொன்றும் இல்லை. அன்று நான் புடவை காட்டவில்லை, மனதுக்குள்கூட. ஒரு வார்த்தை நினைத்தாலும் தொண்டை தானாக அசைந்துவிடுமோ என்று எதையும் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். கண்ணோரம் நனைந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

முடிவு நான்காம் நாள் வந்தது. டாக்டர் அம்மா திரையைத் திருப்பினார். தொண்டை நடுவில் இருட்டு. இரண்டு அரிசியும் இல்லை. நாக்கின் அடியிலும் இல்லை, கழுத்திலும் இல்லை.

"இப்போதைக்கு எங்கயும் ஒண்ணும் இல்ல" என்றார். "மூணு மாசத்துக்கு ஒரு முறை வரணும். ரெண்டு வருஷம் போகட்டும், அப்புறம் கொஞ்சம் தைரியமா பேசலாம்."

'இப்போதைக்கு' என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். மனைவி 'ஒண்ணும் இல்ல' என்பதைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்து மகளுக்குப் போன் செய்து அதை மட்டும்தான் சொன்னாள், நாலைந்து தடவை.

காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் இறங்கி வந்தவாசி போகிற பஸ்ஸில் ஏறினோம். மத்தியான நேரம், உட்கார இடம் கிடைத்தது. பஸ் கிளம்புவதற்கு முன்பே மனைவி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எவ்வளவு நாளாகத் தூங்கவில்லையோ. வாய் லேசாகத் திறந்திருந்தது. செவிலிமேடு வந்தது. நான் எழுப்பவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறி அக்கரைக்குப் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில்தான் அவள் விழித்தாள்.

"எங்க வந்துட்டோம்?"

"பாலம் தாண்டிட்டோம். இறங்கு."

"ஏன் எழுப்பல?"

"தூங்கினே."

பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். திரும்பிப் போகிற பஸ் எப்போது வரும் என்று தெரியவில்லை. நடந்தோம். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலில் மாடுகள் நின்றன. லாரிகள் பக்கத்தில் போகும்போது பாலம் அதிர்ந்தது. பாதி வழியில் நின்று பாட்டிலைத் திறந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். ஒரே மிடறில் இறங்கியது. அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது மேலே ஏறி இறங்கும் வரை. பிறகு அவளும் குடித்துவிட்டு மூடியைத் திருகினாள். வெயிலுக்குத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.